ஆடு ஒரு மலரா?

கேள்வி:

எனக்கு வயது 23. பி.எஸ்சி. கணிதம், தமிழ்வழியில் படித்தேன். வங்கி கிளார்க் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் ஒன்றரை வருடமாகத் தயாராகி வருகிறேன். கடையில் கிடைக்கிற தடிமனான ரீசனிங் புத்தகத்தை இரண்டு தடவை முடித்துவிட்டேன். வீட்டில் போடும்போது எல்லாம் சரியாக வருகிறது. மாக் டெஸ்ட் என்று உட்கார்ந்தால் 35க்கு 18, 19ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. சிலாஜிசம் எனக்கு நன்றாக வரும் என்று நினைத்தேன். அதில்தான் தப்பு அதிகம். சீட்டிங் அரேஞ்ச்மென்ட் ஒன்று வந்தால் எட்டு நிமிடம் போய்விடுகிறது. ஆங்கிலப் பகுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்தியைப் படித்து விடை எழுதுகிற கேள்வியில் எல்லா விடையும் சரி மாதிரியே தெரிகிறது. தினமும் 100 கேள்வி போடுகிறேன். அதை 200 ஆக்கலாமா? யூட்யூபில் வரும் ஷார்ட்கட்டுகளை நம்பலாமா? ரீசனிங்குக்கும் இங்கிலீஷுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்:

தம்பி, 200 வேண்டாம். இப்போது போடுகிற 100ஐயே 30 ஆகக் குறைத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதற்கு விடை சொல்லுங்கள்.

கூற்று 1: எல்லா மலர்களுக்கும் தண்ணீர் தேவை. கூற்று 2: மல்லிகைக்குத் தண்ணீர் தேவை. முடிவு: மல்லிகை ஒரு மலர். முடிவு இந்தக் கூற்றுகளிலிருந்து பெறப்படுமா?

பெறப்படும் என்று தோன்றினால், மல்லிகை இருந்த இடத்தில் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டுங்கள். எல்லா மலர்களுக்கும் தண்ணீர் தேவை. ஆட்டுக்குத் தண்ணீர் தேவை. ஆகவே ஆடு ஒரு மலர். அமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முதலாவதற்குத் தலையாட்டிய நாம் இரண்டாவதற்குச் சிரிக்கிறோம். மல்லிகை மலர்தான் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த அந்தச் சங்கதி, கூற்றுகளிலிருந்து வந்ததுபோல வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோனதன் எவன்ஸும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட சோதனைகளில் இதைத்தான் கண்டார்கள்: முடிவு நம்பும்படியாக இருந்தால், தர்க்கத்தில் ஓட்டை இருந்தாலும் மக்கள் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ரீசனிங் ஒரு பிரச்சினையாகவும் இங்கிலீஷ் இன்னொரு பிரச்சினையாகவும் வருகின்றன. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. தாளில் இல்லாததைச் சேர்த்துப் படிக்கிறீர்கள், இருப்பதை விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள். சிலாஜிசத்தில் சறுக்குவதும் பத்திக் கேள்வியில் எல்லா விடையும் சரியாகத் தெரிவதும் இதனால்தான். ஆங்கிலச் சொல்வளம் வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையை, அதாவது தர்க்கத்தை, கற்றுக்கொடுக்கிறார். எது நல்ல ஏது (காரணம்), எது போலி என்று நெடுகச் சொல்லிக்கொண்டு போகிறார். காப்பியத்தைக் கதைக்காகப் படிப்பவர்கள் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிற பக்கங்கள் அவை. இந்திய அளவை நூல்களில் எங்கே திரும்பினாலும் புகையும் நெருப்பும் இருக்கும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு: இது சரி. நெருப்பு உண்டு, ஆகவே புகையும் உண்டு: இது தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. மல்லிகைக் கேள்வியில் நடந்ததும் இப்படித் திருப்பிப் போட்ட பிழைதான். 'மலர் என்றால் தண்ணீர் தேவை' என்பதை 'தண்ணீர் தேவை என்றால் மலர்' என்று படித்துவிட்டோம்.

சரி, சிலாஜிசத்தை எப்படிப் பயிற்சி செய்வது? வட்டம் போடத் தெரியும் என்கிறவர்கள்கூட ஒரு படத்தைப் போட்டு, அந்தப் படத்தில் முடிவு உண்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முடிவைப் பொய்யாக்குகிற ஒரு படத்தைப் போட முயலுங்கள். கூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாகிற படம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அந்த முடிவு பெறப்படாது. எவ்வளவு முயன்றும் அப்படி ஒன்றைப் போட முடியவில்லை என்றால்தான் பெறப்படும்.

ஒன்று போட்டுப் பார்ப்போம். எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள். சில புத்தகங்கள் மேசைகள். முடிவு 1: சில பேனாக்கள் மேசைகள். முடிவு 2: எந்தப் பேனாவும் மேசை அல்ல. புத்தக வட்டத்துக்குள் பேனா வட்டம் இருக்கிறது. மேசை வட்டம் புத்தகத்தைத் தொட வேண்டும்; பேனாவைத் தொடாமலேயே அதைப் போடலாம். முடிவு 1 விழுந்தது. பேனாவைத் தொட்டும் போடலாம். முடிவு 2 விழுந்தது. ஆனால் தொடும், அல்லது தொடாது. மூன்றாவது வழி கிடையாது. இரண்டு முடிவுகளும் அதே பேனாவையும் அதே மேசையையும் பற்றியவை, ஒன்று 'சில', மற்றது 'எதுவும் இல்லை'. ஆகவே வங்கித் தேர்வில் விடை 'முடிவு 1 அல்லது முடிவு 2'. நிறையப் பேர் இரண்டும் தவறு என்று கண்டுபிடிப்பதோடு நின்று, அரைக் கிணறு தாண்டி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

'சில' என்பதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'சில மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள்' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், மற்றவர்கள் தேறவில்லை என்று நாமாக எடுத்துக்கொள்வோம். தேர்வுத்தாளில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே 'சில' என்றால் 'ஒன்றாவது', எல்லாமாகவும் இருக்கலாம். பிறகு வங்கித் தேர்வுகளில் 'ஒன்லி எ ஃபியூ' வந்து சேர்ந்தது. 'ஒரு சில பேனாக்கள் மட்டுமே புத்தகங்கள்' என்றால் சில பேனாக்கள் புத்தகங்கள், சில பேனாக்கள் புத்தகங்கள் அல்ல, இரண்டும் உறுதி. எல்லாப் பேனாக்களும் புத்தகங்களாக இருக்க வாய்ப்பே இல்லை. எல்லாப் புத்தகங்களும் பேனாக்களாக இருக்கலாமா? இருக்கலாம், தடை ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி வரியை ஒரு நிமிடம் வட்டம் போட்டுச் சரிபாருங்கள். புரிந்தால் இந்த வகைக் கேள்வியில் பாதி முடிந்தது.

யூட்யூப் ஷார்ட்கட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'எல்லாம் கூட்டல் சில' என்றால் இது, 'சில கூட்டல் எதுவுமில்லை' என்றால் அது என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் அட்டவணைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேள்வியின் வாக்கியம் கொஞ்சம் மாறினால் அட்டவணை கைவிட்டுவிடும், படம் கைவிடாது. எழுத்து வரிசை வேறு. ஆங்கில எழுத்துகளில் ஈ, ஜே, ஓ, டி, ஒய் ஐந்தும் 5, 10, 15, 20, 25 என்பதும், எதிரெதிர் எழுத்துகளின் எண்களைக் கூட்டினால் 27 வரும் என்பதும் மனப்பாடமாகவே இருக்கட்டும். கோடிங், எண் தொடர் எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். அவற்றில் நீங்கள் தடுமாறுவதாக எழுதவில்லை, விட்டுவிடலாம்.

'என்றால்' போட்ட வாக்கியங்களுக்கு மட்டும் இன்னொரு பயிற்சி சொல்கிறேன். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிகிற பக்கங்கள்: அ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்புவீர்கள்? பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் அறிமுகப்படுத்திய சோதனை இது. எழுத்தை மட்டும் நம் எழுத்தாக்கியிருக்கிறேன். பெரும்பாலோர் 'அ', '4' என்பார்கள். சரியான விடை 'அ', '7'. நான்கின் பின்னால் 'க' இருந்தாலும் விதி மீறப்படவில்லை. ஏழின் பின்னால் 'ஆ' இருந்தால் மீறப்பட்டது.

இதையே சாலைக்குக் கொண்டுவருவோம். விதி: மோட்டார் சைக்கிள் ஓட்டினால் ஓட்டுநர் உரிமம் வேண்டும். நான்கு பேர். ஒருவர் ஓட்டுகிறார். ஒருவர் நடக்கிறார். ஒருவரிடம் உரிமம் இருக்கிறது. ஒருவரிடம் இல்லை. போக்குவரத்துக் காவலர் யாரை விசாரிப்பார்? ஓட்டுகிறவரிடம் உரிமத்தைக் கேட்பார். உரிமம் இல்லாதவர் வண்டி ஓட்டி வந்தாரா என்று பார்ப்பார். நடக்கிறவரையும் உரிமம் உள்ளவரையும் தொந்தரவு செய்ய மாட்டார். யாருக்கும் இதில் சந்தேகமே வராது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் 1982இல் இதே சோதனையை, பீர் குடிக்கக் குறைந்தபட்ச வயது என்ற விதியாக மாற்றிக் கொடுத்தபோது மாணவர்களில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். மூளை அதேதான், தெரிந்த சங்கதியாக வந்தால் வேலை செய்கிறது. ஆகவே எக்ஸ், ஒய் என்று வறட்டுத்தனமாக ஒரு 'இஃப்' வாக்கியம் வந்தால், அதைப் பிடிபடக்கூடிய ஒரு விதியாக மாற்றி, 'இதை மீறியவர் எப்படி இருப்பார்?' என்று கேளுங்கள்.

சீட்டிங் அரேஞ்ச்மென்டுக்கு எட்டு நிமிடம் ஆவதற்குக் காரணம் வேகக் குறைவு இல்லை என்று பந்தயம் கட்டுவேன். குறிப்புகளைக் கொடுத்திருக்கிற வரிசையிலேயே பிடித்துக்கொண்டு போகிறீர்கள். இதைப் பாருங்கள்.

ஆறு பேர் வட்ட மேசையில் மையத்தை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள்: அமுதா, பாலு, சித்ரா, தாமு, ஈஸ்வரி, பழனி. பாலு, சித்ராவுக்கு அருகில் இல்லை. தாமுவின் உடனடி வலப்பக்கம் ஈஸ்வரி. அமுதாவின் வலப்பக்கம் இரண்டாவது சித்ரா. தாமுவுக்கு நேரெதிரே அமுதா. பழனியின் உடனடி இடப்பக்கம் யார்?

முதல் குறிப்பிலிருந்து தொடங்கினால் செத்தோம். 'அருகில் இல்லை' என்பது மூன்று நான்கு படங்களைப் போட வைக்கும். அதை ஓரமாக எழுதிவிட்டு, ஆணி அடித்தாற்போல நிற்கிற குறிப்பைத் தேடுங்கள். கடைசியில் இருக்கிறது: நேரெதிரே. தாளின் அடியில் அமுதா, உச்சியில் தாமு. மையத்தை நோக்கி அமர்ந்தால் வலப்பக்கம் என்பது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சந்தேகம் வந்தால் அமுதாவின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து உங்கள் வலக்கையைப் பாருங்கள். அமுதாவிலிருந்து வலப்பக்கம் இரண்டாவது இடத்தில் சித்ரா, அதாவது தாமுவின் இடப்பக்கம். தாமுவின் வலப்பக்கம் ஈஸ்வரி. மிச்சம் இருப்பவை அமுதாவின் இரண்டு பக்கங்களும். ஒன்று சித்ராவை ஒட்டியது, மற்றது ஈஸ்வரியை ஒட்டியது. இப்போது ஓரமாக வைத்த குறிப்பை எடுங்கள்: பாலு சித்ராவை ஒட்டக் கூடாது, ஆகவே ஈஸ்வரியை ஒட்டி. அமுதாவுக்கும் சித்ராவுக்கும் நடுவில் பழனி. அவருடைய உடனடி இடப்பக்கம் அமுதா. ஒரே படம், அழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள்: புதிர்களுக்கு விடை காணவே வேண்டாம். குறிப்புகளைப் படித்து, எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று மட்டும் எண் போட்டுவிட்டு அடுத்த புதிருக்குப் போங்கள். வாரக் கடைசியில் அவற்றையே எடுத்துத் தீர்த்துப் பாருங்கள்.

இனி இங்கிலீஷ். நாளுக்கு ஐம்பது சொல் மனப்பாடம், அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத் தலையங்கத்தோடு மல்லுக்கட்டுவது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அது தவறில்லை, ஆனால் பத்திக் கேள்வியின் நோய்க்கு மருந்து அது இல்லை. தமிழிலேயே ஒரு பத்தியைத் தருகிறேன். 'மழை குறைந்த ஆண்டுகளில் அந்த ஒன்றியத்தின் விவசாயிகள் சிலர் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். அவற்றில் பல, இரண்டு கோடைகளுக்குள் வறண்டன.' இதிலிருந்து பெறப்படுவது எது? (அ) ஆழ்துளைக் கிணறு தோண்டியதால் நிலத்தடி நீர் குறைந்தது. (ஆ) மழை குறைந்தால் விவசாயிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவார்கள். (இ) தோண்டிய கிணறுகளில் சிலவாவது வறண்டு போயின. (ஈ) அந்த விவசாயிகள் கடனாளி ஆனார்கள்.

(அ) செய்தித்தாளில் படித்தது. (ஆ) 'சிலர்' என்பதை விழுங்கிவிட்டு, ஒரு முறை நடந்ததை வழக்கமாக்குகிறது. (ஈ) நம் ஊரில் கண்ணால் கண்டது, பத்தியில் இல்லை. சப்பென்று இருக்கிற (இ) தான் விடை. சரியான விடை பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். பத்தி சொன்னதைவிடக் குறைவாகச் சொல்லும். 'ஆல்', 'ஆல்வேஸ்', 'ஒன்லி', 'மஸ்ட்' என்று குரலை உயர்த்துகிற விடையைக் கண்டால், அந்த உயரம் பத்தியில் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுங்கள். எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள். பத்தியே அப்படிச் சொல்லியிருந்தால் அதுதான் விடை.

கூற்றும் அனுமானமும் கேள்விக்கு மறுத்துப் பார்க்கும் உத்தி போதும். 'மூன்றே மாதத்தில் ஆங்கிலம் பேச எங்கள் மையத்துக்கு வாருங்கள்' என்று ஒரு விளம்பரம். ஆங்கிலம் பேச விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்: இது அனுமானமா? மறுத்துப் பாருங்கள். அப்படி யாருமே இல்லை என்றால் விளம்பரமே வீண். ஆகவே அனுமானம். ஆங்கிலம் பேசாவிட்டால் வேலை கிடைக்காது: இதை மறுத்தாலும் விளம்பரத்துக்கு ஒன்றும் ஆகாது; பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள வருபவர் இருக்கலாம். ஆகவே அனுமானம் இல்லை. இந்த இரண்டாவது வரி தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கு உண்மை மாதிரி வலிக்கும், அதனாலேயே டிக் போடுவார்கள். வலி வேறு, விடை வேறு.

இந்தப் பயிற்சிகளை முதல் மாதம் தமிழிலேயே செய்யுங்கள். காலைத் தமிழ் நாளிதழின் தலையங்கம் போதும். ஆசிரியர் என்ன வாதாடுகிறார் என்று ஒரு வரி, எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று ஒரு வரி, எதைச் சொல்லாமலே நாம் ஒத்துக்கொள்வோம் என்று எதிர்பார்க்கிறார் என்று ஒரு வரி. ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டி வீட்டில் யாரையாவது கலைத்துத் தரச் சொல்லி அடுக்குங்கள். 'அது', 'இவர்கள்', 'ஆனாலும்' என்று தொடங்குகிற வாக்கியம் முதலில் நிற்காது என்பது தமிழில் கைவந்தால், ஆங்கிலத்தில் 'திஸ்', 'தே', 'ஹவ்எவர்' பின்னாலேயே வரும். அடுத்த மாதத்திலிருந்து இதையே ஆங்கிலத்தில், சின்னச் சின்ன செய்திகளில். சொல்வளம் இதோடு சேர்ந்து வளரட்டும். கிளார்க் தேர்வில் ஆங்கிலப் பகுதியைத் தவிர மற்றதைத் தமிழிலும் எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழைத் தேர்ந்தால் மாக் டெஸ்ட்டையும் தமிழிலேயே எழுதுங்கள்.

இப்போது 30 கேள்விக் கதைக்கு வருகிறேன். நீங்கள் முடித்த அந்தத் தடிமன் புத்தகம், அத்தியாயத்துக்கு ஒரு வகையாக அடுக்கியிருக்கும். ரத்த உறவு அத்தியாயத்தில் உட்கார்ந்தால் வருகிற ஐம்பதும் ரத்த உறவுதான். என்ன வகை, எந்த வழி என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. வீட்டில் சரியாக வந்து மாக் டெஸ்ட்டில் 19இல் நிற்பதற்கு இது பெரிய காரணம். டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் கணிதக் கணக்குகளைக் கலைத்துப்போட்டுச் சோதித்தார்கள். கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது மோசமாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவகையாகப் போட்டவர்களை மிஞ்சினார்கள். ஆகவே கலந்து போடத் தொடங்கினால் முதலில் உங்கள் மதிப்பெண் இறங்கும். பயந்து பழையபடி அத்தியாயத்துக்கு ஓடிவிடாதீர்கள்.

நாளுக்கு 30, எல்லா வகையும் கலந்து. எஸ்.எஸ்.சி. முன்பு தன் தேர்வு வினாக்களை விடைக்குறிப்போடு வெளியிட்டிருக்கிறது, அவற்றிலிருந்தே எடுங்கள். வங்கித் தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ். வினாத்தாள் வெளியிடுவதில்லை, 'மெமரி பேஸ்டு' என்று வருபவை எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவை, ஒரு சொல் மாறியிருந்தாலும் விடை மாறும், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போட்டு முடித்ததும் சரியான விடை ஏன் சரி என்பதைவிட, தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பானவற்றுக்கு ஒரு நோட்டு. கேள்வியை எழுத வேண்டாம், ஒரே வரி: எந்தச் சொல்லை விட்டேன், அல்லது எதை நானாகச் சேர்த்தேன். சில வாரங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

நேரக் கணக்கு. கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் 35 கேள்விக்கு 20 நிமிடம். ஒன்றுக்கு 34 விநாடி. எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 60 நிமிடம், ஒன்றுக்கு 36 விநாடி. 35ஐயும் தொட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தனித்தனிக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டுப் புதிருக்கு வாருங்கள். ஒரு புதிரில் இரண்டு நிமிடமாகியும் ஒருவரைக்கூட உட்கார வைக்க முடியவில்லை என்றால் அடுத்த புதிருக்குத் தாவிவிடுங்கள்.

தெரியாததற்குக் குத்துமதிப்பாக டிக் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், தவறுக்குக் கால் பங்கு கழிவு. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையையாவது காரணத்தோடு தள்ளிவிட்டால் கணக்கு லேசாக உங்கள் பக்கம் சாயும். ரயில்வே என்.டி.பி.சி.யில் நான்கு விடை, மூன்றில் ஒரு பங்கு கழிவு. அங்கேயும் கண்மூடி டிக்குக்குப் பூஜ்யம்தான். டி.என்.பி.எஸ்.சி.யில் தவறான விடைக்குக் கழிவு கிடையாது. அங்கே விட்டுவிட்டு வருவது வீண்.

தனியாக உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். எழுதியிருப்பதைத் தாண்டி நானும் ஒன்றைச் சேர்க்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாக நடக்கிறது. வகுப்புக்காகப் போகாவிட்டாலும், வாதாட ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதற்காகப் போங்கள். உங்கள் விடை சரி என்று நீங்கள் சொல்ல, அதைப் பொய்யாக்கும் ஒரு படத்தை அவர் போட முயலட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.